எதுக்குடா அந்தப் பெரிய மோட்டார்?

அன்பு மச்சான் சேகருக்கு,

நீ இருக்கற எடத்துலயாவது கரண்ட் கட் இல்லாம இருக்கா? இங்க நாங்க இருக்கோம், அவ்வளவுதான். உனக்கு எழுதப் போறேன்னு சொன்னதும் உங்க அக்கா அடுப்பங்கரைக்குள்ள போனா. இன்னும் வெளியே வரல.

எனக்கு அசதியா இருக்குடா. உத்திரமேரூர் சொசைட்டியில நாள் பூரா உர மூட்டையோட மாரடிச்சுட்டு, பெருநகர் ஊருக்குப் போற பஸ்ஸுல தொங்கிக்கினு உங்க வூட்டுக்கு வந்தா, நீ பார்க்க வேண்டிய வேலையெல்லாம் என் தலையில. உழவுக்கு ஆள் சொல்லு, கரண்ட் ஆபீசுக்குப் போ, உங்க நைனா மூஞ்சியப் பாரு. இதுல கடைசி வேலைதான் ரொம்பக் கஷ்டம். நீ போனப்புறம் அந்த மனுஷன் சரியா சாப்பிடவும் இல்ல, யார்கிட்டயும் வாய் திறக்கவும் இல்ல.

உன் பெட்டி வந்த அன்னிக்குத்தான் வாயத் திறந்தார். வெளிநாட்டுல உன்கூட வேலை செஞ்ச ஆள் மெனக்கெட்டுக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனார். சட்டைங்க, சென்ட் பாட்டில், உங்க அக்காவுக்கு ஒரு புடவை, எல்லாத்துக்கும் அடியில ஒரு சின்ன அட்டை டப்பா. உள்ளே பளபளன்னு ஒரு மோட்டார். உன் ஏரோப்பிளேனுக்கு வாங்கினதுன்னு பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு.

"மாப்ள, இத்த மாட்டுங்க. ஏரிக்குத் தண்ணி வர்றதுக்குள்ள பறக்கணும்"னார் நைனா. அத்தனை நாளைக்கு அப்புறம் வந்த பேச்சு அது. மாட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?

ஏரோப்பிளேன் பரண்மேலதான் இருந்தது. தெர்மாகோல் றெக்கையில எலி கூட வாய் வெக்கல. போன லீவுல, காஞ்சு கெடந்த ஏரிக்குள்ள நின்னு, ரிமோட்டோட நீளக் கம்பிய இழுத்துவிட்டு நீ அதைப் பறக்கவிட்டது ஞாபகம் இருக்கா? ஊரே கரையில நின்னுது. உங்க நைனாவும் குடையோட வந்து ஒரு ஓரமா நின்னார், உன்னைப் பார்க்காத மாதிரி.

பாழாய்ப் போன அந்தக் கெணத்து மோட்டார்தானே உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தது. நம்ம கெணத்து ஊத்துக்கு மூணு எச்.பி. போதும்னு நீ சொன்னே. எலக்ட்ரீசியன் பேச்சு யாருக்கு வேணும்? "பக்கத்துக் கொல்லைக்காரன் அஞ்சு போட்டுக்கினு கீறான், நான் மூணு போடணுமா?"ன்னார். அஞ்சே போட்டார். கெணத்த ஒரே உறிஞ்சுல உறிஞ்சிட்டு, தண்ணியில்லாம சுத்தி, காயில் எரிஞ்சுது. காயில் கட்டினார், மறுபடியும் எரிஞ்சுது. "நான் அப்பவே சொன்னேனே"ன்னு நீ கேட்டே பாரு, அந்த ஒரு வார்த்தை அவருக்குப் பொறுக்கல. அதோட பேச்சு நின்னுது. நீயும் பாஸ்போர்ட் எடுத்துக்கினு கெளம்பிட்டே.

அன்னிக்கு ஏரியில எதிர்காத்து அடிச்சு உன் ஏரோப்பிளேன் முன்னால போக முடியாம அந்தரத்துல தவிச்சப்ப, கரையிலிருந்து ஒரு கொரல் வந்தது. "பெரிய மோட்டாரா போடுறா!"

வருஷக்கணக்கா உன்கூடப் பேசாத மனுஷன் உன்னைப் பார்த்துக் கத்தினது அது. நீ திரும்பிப் பார்த்து சிரிச்சே. அந்தச் சந்தோஷத்துல காத்தை எதிர்த்து ரொம்ப நேரம் விரட்டினே, மூக்குல புகை வந்து மோட்டார் கருகிப் போச்சு. அடுத்த லீவுக்கு வரும்போது வேற வாங்கியாறேன்னே. அடுத்த லீவு எங்கடா வந்துது? நீ கட்டடத்து மேலேருந்து விழுந்துட்டேன்னு தந்திதான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பஜார்ல ரேடியோ ரிப்பேர் பண்ற பாயைக் கெஞ்சி, நீ வாங்கின மோட்டாரை மாட்டியாச்சு. ரெண்டு றெக்கைக்கு அடியிலயும் ஒவ்வொரு விரலை வெச்சுத் தூக்கிப் பார்த்தார் பாய். மூக்கு சட்டுனு கீழே கவுந்துது. "சார், இது தாங்காது சார். பேட்டரியையும் ஒரு நிமிஷத்துல குடிச்சிடும்"னார். உங்க நைனா கேட்டாத்தானே? "முன்பாரமா கீது. பின்னால ஏத்தினா சரியாப் பூடும்"னு மாட்டுவண்டிக்குப் பாரம் கட்டற மாதிரி, ஒரு இரும்பு போல்ட்டை வால்ல கட்டிட்டார்.

நானும் சொல்லிப் பார்த்தேன், மச்சான். பேஜாராப் பூடுச்சு, விட்டுட்டேன்.

ஏரியில கொண்டுபோய் வீசினேன். உர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான், நேரா தரையில போய்க் குத்திக்கிச்சு. மூக்கு உடைஞ்சு தெர்மாகோல் பொரிப்பொரியா காத்துல போச்சு. நைனா அப்படியே வெடிச்ச களிமண்ணுல குந்திட்டார்.

"கடைசியா வாங்கினதும் தப்பாயிடுச்சா என் புள்ளைக்கு?"ன்னார்.

எனக்கு உன்மேல அப்படி ஒரு கோபம் வந்துதுடா. மூணு போதுமா அஞ்சு வேணுமான்னு ஊருக்கே பாடம் எடுத்தவன் நீ. உனக்கா இது தெரியாது? சாகறதுக்கு முன்னாடி இந்த ஆளுக்கு ஒரு ஒழுங்கான மோட்டாரை வாங்கி வெச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா?

உடைஞ்சதைத் தூக்கிக்கினு மறுபடியும் பாய் கடைக்குப் போனேன். அவர் பசை போட்டு மூக்கை ஒட்டிக்கினே, உன் அட்டை டப்பாவைத் திருப்பிக் காட்டினார். "படத்தைப் பாருங்க சார். இது மரத்துல செய்யற பெரிய பிளேனுக்கு உண்டான மோட்டார். கரண்ட் வேலை தெரிஞ்சவர் இத்த தெரியாம வாங்கியிருக்க மாட்டார்."

கடை ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டேன். பஸ் ஒண்ணு போச்சு, இன்னொண்ணும் போச்சு. எழுந்திருக்கத் தோணல.

தெரிஞ்சேதான் வாங்கினியாடா? ஒரு தடவை அந்த மனுஷன் கரையிலிருந்து கத்தினாருன்னு, அவர் சொன்னபடியே பெரிசா வாங்கினியா? அவர் கையில அதைக் குடுத்து, "நீ சொன்ன மாதிரியே வாங்கியாந்தேன் நைனா"ன்னு சொல்லணும்னு நெனச்சியா? நீ சொல்லாம விட்டதை நான் போய்ச் சொல்லணும். உங்க வூட்டுக்கு மாப்பிள்ளையா வந்து நான் பார்த்த வேலையிலயே பெரிய வேலை அதுதான்.

சொன்னேன். மாமா, அவன் தப்பா வாங்கல, நீங்க கேட்டதை வாங்கியிருக்கான்னேன்.

மோட்டாரை எடுத்து மடியில வெச்சுக்கினார். துண்டால அதைத் தொடைச்சுக்கினே இருந்தார். அப்புறம் அழுதார். பொணம் வந்த அன்னிக்குக் கூட அழாத மனுஷன். உங்க அக்கா ஓடிவந்து பக்கத்துல உட்கார்ந்தா.

மறுநாள் காலையில நாஷ்டா வேணும்னு அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிட்டு வந்து, "பட்டணம் போயி சின்னதா ஒண்ணு வாங்கியாங்க மாப்ள. இது எவ்ளோ தாங்கும்னு பாத்துக்கினு, அதுக்குத் தக்கின மாதிரி"ன்னார். அது அப்படியே உன் பேச்சுடா.

ஏரோப்பிளேன்ல கருகின பழைய மோட்டாரைக் கையில வெச்சுக்கினு, பட்டணத்துல எலக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி தெருவுல கடைகடையா ஏறி எறங்கினேன். வெயிட்டு ஒத்துவந்தா வேகம் வரல, வேகம் இருந்தா தண்டு பொருந்தல. கால் ரெண்டும் வீங்கினப்புறம்தான் அதே அளவுல ஒண்ணு கெடைச்சுது. பாய் வால்ல இருந்த போல்ட்டை அவுத்துட்டு, அதை மாட்டி, விரல்ல தூக்கிப் பார்த்தார். மூக்கும் கவுழல, வாலும் கவுழல.

நேத்து சாயங்காலம் கரைமேலே ஏறி வீசிவிட்டேன். சின்ன சத்தம்தான், வண்டு கத்தற மாதிரி. எழும்பிச்சுடா! நீ விடற மாதிரி ஒய்யாரமா இல்ல, ரிமோட்டுல நான் தாறுமாறாத் திருப்பினதுக்கு அதுவும் தாறுமாறாப் போச்சு. பாதி ஏரி தாண்டினதும் எதிர்காத்து பிடிச்சுக்கிச்சு. முன்னால போகாம அந்தரத்துல நின்னு தவிச்சுது, அன்னிக்கு மாதிரியே.

உங்க நைனா குடையைத் தூக்கிப் போட்டுட்டார். வேட்டி அவுந்தது கூடத் தெரியாம கரைமேலே ஓடினார். மேலே பார்த்துக் கத்தினார்.

"போதும்டா சேகரு! சின்னதே போதும்டா! நீ சொன்னதுதான்டா சரி!"

உனக்குக் கேட்டுதா?

கெணத்துக்கும் மூணு எச்.பி. சொல்லியாச்சு, வர்ற வெள்ளிக்கிழமை எறக்கறோம். உன் பெரிய மோட்டார் சாமி மாடத்துல இருக்கு, பொட்டு வெச்சுக்கினு. அதை எதுலயும் மாட்டவிட மாட்டேன். ஏரி காயற வருஷமெல்லாம், என் காலு நிக்கிற வரைக்கும், உன் ஏரோப்பிளேனை நான் தூக்கிக்கினு போவேன். நைனாவைக் கூட்டிக்கினுதான் போவேன். இது சத்தியம்.

உங்க அக்காவைக் கட்டின பாவத்துக்கு
உன் வேலையெல்லாம் பார்க்கிற,
உன் மாமா