பெட்டியிலேயே இருக்கட்டும் அந்தப் பதக்கம்

மெட்டுகுடா, செகந்திராபாத்
ஜனவரி 9

அன்புள்ள சூசை அண்ணனுக்கு,

தம்பி எட்வின் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அப்பாவுக்குக் குறைய வேண்டிய பிடிவாதமும் பீடியும் அப்படியே இருக்கின்றன. அங்கே பனி எப்படி என்று எழுது. போனில் பேசினால் "சரிடா, வைக்கிறேன்டா" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் தபால்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இருபத்தாறாம் தேதி உலகநாதன் நடத்தும் விழாவுக்கு நீ விடுப்பில் வருகிறாயாம். சீருடையில் மேடை ஏறுவாயாம். நீ ஐ.நா. படையில் போயிருந்தபோது அந்த ஆப்பிரிக்க நாட்டு அரசு கொடுத்த பதக்கத்தைக் குத்திக்கொண்டு அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வாயாம். பதிலுக்கு அவர் உப்பல் கம்பெனியில் என்னை நிரந்தரமாக்கிவிடுவாராம். அப்பா கேட்டதும் நீ, "தம்பிக்காகத்தானே, ஒரு சாயங்காலந்தானே" என்றாயாம்.

நீயா அண்ணா அப்படிச் சொன்னாய்?

போன ஜூனில் நடந்ததை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. நான் ஞாபகப்படுத்துகிறேன். நீ விடுப்பில் வந்து இறங்கிய அன்று காலனி முனையில் உனக்கு ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர், எங்களை உப்பல் கம்பெனிக்கு அனுப்பும் காண்டிராக்டர், எல்லாம் உலகநாதன்தானே, அவர் செலவு. நீ முன்பே வீட்டில் வைத்துவிட்டுப் போன பெட்டிக்குள் இருந்த பதக்கத்தை அப்பா போனில் படம் எடுத்துக் கொடுத்திருந்தார். பிளெக்ஸ்காரன் அதை வெட்டி உன் சீருடைமேல் ஒட்டிவிட்டான். தோசைக்கல் அளவுக்கு. நம் நாட்டுப் பதக்கங்களை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு முதல் ஆளாக. பக்கத்தில் கைகூப்பியபடி 'டாக்டர்' உலகநாதன். அந்த டாக்டர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்தத் தீவில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஓட்டலில் அங்கி மாட்டி வாங்கியது. அதைப் போட்டுக்கொள்ள அவர் யாரிடம் அனுமதி கேட்டார்?

நீ பந்தல் போடும் டென்ட் ஹவுஸ் சங்கரிடம் ஏணியும் பிளேடும் கேட்டாய். "நக்கோ அண்ணா, வேணாம், முழுசாவே எறக்கிடறேன்" என்று அவன் கெஞ்சினான். "முழுசா எதுக்குடா, மத்ததெல்லாம் என்னுதுதானே" என்று நீயே ஏறி, அந்தப் பதக்கத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தாய். கீழே நின்ற உலகநாதன், "கைக்கு சூசை, ஏன் இப்படி, ஊரே பாக்குது" என்றார். நீ ஏணியில் இருந்தே, "இது என் நெஞ்சுங்க. இதுல என்ன இருக்கணும்னு பிளெக்ஸ்காரன் முடிவு பண்ண முடியாது" என்றாய். யாரோ விசில் அடித்தார்கள். நான்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் உன்னோடு சண்டை போட்டேன். ஐ.நா. கொடுத்ததை மட்டும் போட்டுக்கொள்ளலாம், இதைத் தில்லி அனுமதி தராமல் போடக்கூடாது என்றால் என்ன சட்டம் இது என்று கத்தினேன். அந்த நாட்டு ஆற்றில் படகு கவிழ்ந்தபோது கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்தவன் நீ. தில்லியில் நாற்காலியில் இருப்பவன் யார், ஆமாம் இல்லை என்று சொல்ல? நீ உன் பதக்கங்களைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய்: "இன்னிக்கு உயிரைக் காப்பாத்தினதுக்குக் குத்தறான். நாளைக்கு எவனாவது கண்ணை மூடிக்கிட்டு நின்னதுக்கும் குத்துவான். ரெண்டும் ஒரே மாதிரிதான்டா மின்னும். யார் குடுத்தது, எதுக்குக் குடுத்ததுன்னு நம்மாளு ஒருத்தன் பாத்துத்தான் ஆகணும்."

அனுமதி வந்தாலும் அதற்கு உன் வரிசையில் கடைசி இடந்தான் என்றும் சொன்னாய். சொல்லிக்கொண்டே அதையும் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாய். மற்றவற்றைவிட அதை அதிக நேரம் துடைத்தாய். நான் பார்த்தேன்.

அடுத்த மாதம் கம்பெனி நிரந்தரப் பட்டியலில் என் பெயர் இல்லை. உன்மேல் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். நாலு நாள் இரும்புத் தூளைத் தின்றபடி உன்னைத் திட்டினேன். அப்புறம் எங்கள் வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்து மெஷினில் பெருமாள் அண்ணன். ஒன்பது வருடமாக ஒப்பந்தக் கூலி. விரல் நுனி ஒன்று போய்விட்டது, நிரந்தர ஆர்டர் மட்டும் வரவில்லை. அவரைத் தாண்டி எனக்கு ஆர்டர் வந்தால் அதை யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது? நீ கேட்கச் சொன்ன கேள்விதான்.

நேற்று உலகநாதன் ஆபீசுக்குப் போனேன். டீ சொன்னார். "அண்ணன் வர்றான்ல, அந்த மெடலப் பளபளன்னு தொடச்சு வை தம்பி" என்றார். அது வராது சார் என்றேன். "அப்ப உன் ஆர்டரும் வராதே" என்று சிரித்தார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன், நல்ல டீ. நானும் பெருமாள் அண்ணனும் இன்னும் சிலரும் தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று தெரியாது. வேலையை விட்டே தூக்கலாம். தூக்கினால் பார்த்துக்கொள்கிறேன்.

என் வேலைக்கே ஆபத்து என்று உன் காதில் போட்டால் இன்னும் உறுதியாக அந்த மேடையில் ஏறுவாய் என்று அப்பா நம்புகிறார். அவர்மேல் கோபப்படாதே. ஒர்க்ஷாப்பில் முப்பது வருடம் யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை. பிள்ளைக்குத் தட்டும் சத்தத்தையாவது கேட்க ஆசைப்படுகிறார்.

ஆனால் நீ ஏறாதே. சீருடையில் அந்த ஆள் மேடையில் நிற்பதே தப்பு, அது உனக்குத் தெரியும். நாயிப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியலில் உன் பெயர் இருக்கும் நேரம். உன் உத்தியோகத்துக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. இந்த ஊரில் நான் பார்த்தவர்களில் ஒருவன்தான் யாருக்கும் விலைபோகாதவன். அவனை என் பெயரைச் சொல்லி வாங்கிவிட்டார்கள் என்று ஆகிவிடக் கூடாது.

அந்த பிளெக்ஸை அம்மா பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறாள். நீ வெட்டிய சதுரம் வழியாகக் காலையில் வெயில் நேராக வாளிமேல் விழுகிறது. மழைக்காலத்தில் ஒழுகுமே, ஒட்டுப் போடவா என்று கேட்டேன். "அதத் தொடாதே, அது உங்கண்ணன் கை வெச்சது" என்று அதட்டிவிட்டாள். உன்னிடம் நேரில் சொல்லமாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

இருபத்தாறாம் தேதி கட்டாயம் வா. கட்டம் போட்ட அந்தப் பழைய சட்டையில் வா. அம்மா வஞ்சிரம் வாங்கி வறுப்பாள், அப்பாவை நடுவில் உட்கார வைத்துச் சாப்பிடுவோம். பதக்கப் பெட்டி இருக்கும் அலமாரியின் சாவியை அப்பாவிடம் இருந்து வாங்கி என் கழுத்துச் சிலுவையோடு கோத்துவைத்திருக்கிறேன். தில்லியில் இருந்து அனுமதி வரும் நாளில் நானே பெட்டியைத் திறந்து, கடைசி இடத்தில் உனக்குக் குத்திவிடுகிறேன். அதுவரை கேட்காதே, தரமாட்டேன்.

ஆண்டவர் உன்னை நனையாமல், வழுக்காமல் காக்கட்டும்.

உன் தம்பி,
எட்வின்