ஆளுக்கு ஒரு கப்

மூன்று நாளாக என்னோடு பேசாத வீட்டுக்காரருக்கு,

சாப்பாடு மேசையில் இருக்கிறது. பக்கத்தில் மூடியிருக்கும் பாத்திரத்தில் பசி வேகத்தில் கரண்டியை விட்டுவிடாதீர்கள். அதில் நம் படகு எஞ்சினின் பிஸ்டன் மண்ணெண்ணெயில் ஊறுகிறது.

காலையில் மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பிரித்தார். உள்ளே ஒரே கரி. சுரண்டிச் சுரண்டி என் நகமெல்லாம் கறுத்துவிட்டது.

"பெட்ரோல்ல யாரும்மா இவ்ளோ எண்ணெய் கலக்குறது?" என்றார்.

"நான்தான் அண்ணே, டின்னுக்கு ஒரு கப். அதானே அளவு?" என்றேன்.

"நேத்து அவரும் இதையேதான் சொன்னாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆக, நாம் பேசாத நாளிலெல்லாம் ஒரே டின்னில் ஆளுக்கு ஒரு கப் ஊற்றியிருக்கிறோம். நம் சண்டையையெல்லாம் அந்தக் கிழட்டு எஞ்சின்தான் தின்றிருக்கிறது, பாவம். அதை விற்றுவிடலாம் என்று குதித்தேனே, அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

எஞ்சினை மூடும்போது இடையில் வைக்கும் கேஸ்கெட் வாங்கக் கடைக்குப் போகிறேன். ஷெட் சாவி ஆணியில் தொங்குகிறது. நாலு மணிக்கு அண்ணன் எஞ்சினை மாட்ட வருவார், டீ போட்டுக் கொடுங்கள்.

பி.கு.: புது டின்னில் எண்ணெய் ஊற்றிவிட்டேன். நீங்கள் ஊற்ற வேண்டாம்.

இன்னொன்று: முதலில் பேசியது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்.