பெரியவரு சாமி எந்த ஊரு?

2006 பிப்ரவரி 11, சனி

காலையில் பனி. எட்டு மணி வரை மலை தெரியவில்லை. ஆபீஸ் லீவு. நிதினுக்குத் தலைக்கு ஊற்றிச் சிக்கெடுப்பதற்குள் பாதி நாள் போனது. அவன் கத்தினான். நானும் கத்தினேன். முடி தோளைத் தாண்டி இறங்கிவிட்டது. பேன் வேறு. பால்காரர் இன்றும் "பாப்பா பேரு இன்னாம்மா?" என்றார். பையன் பையன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

முதல் மொட்டை குலதெய்வத்துக்குத்தான். சரி, யார் வேண்டாமென்றது? குலதெய்வம் எது, எந்த ஊரில் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தவர் மாமனார் ஒருத்தர்தான். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவருடைய அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள். நிலத் தகராறில் பேச்சை அறுத்துக்கொண்டு வந்தவர், "அவனுங்க வாசல மிதிக்கக் கூடாது" என்று அத்தையிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறார். அந்த வழியும் அடைப்பு.

அத்தைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். "பெரியவரு சாமி. ஏரிக்கரை மேல இருக்கும். கல்யாணமான புதுசுல ஒரு தரம் கூட்டினு போனாங்க. வண்டியில தூங்கினே போனேன். எந்த ஊருன்னு யாரு கேட்டா?"

கத்தாரிலிருந்து அவர் போன். "நெட்ல தேடு மீனா. எல்லாமே நெட்ல இருக்கு." இருக்கும் இருக்கும். மே மாதம் அவருக்கு லீவு. அதை விட்டால் இரண்டு வருஷம். ஜூனில் இவனுக்கு எல்.கே.ஜி. முடியை எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று ஸ்கூலில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆக, மே.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வேங்கிக்காலிலிருந்து பஸ்ஸில் வந்து நேராக ப்ரௌசிங் சென்டர். கேபினுக்குக் கேபின் திரை. திரைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். பிறகுதான் இன்று என்ன தேதி என்று உறைத்தது. குலதெய்வம் தேட வந்தவள் நான் ஒருத்திதான்.

'திருவண்ணாமலை' என்று போட்டால் கிரிவலம் என்றைக்கு, லாட்ஜ் வாடகை எவ்வளவு. மீதியெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதியது. மலையைப் பார்த்ததும் அழுதார்களாம். பக்கம் பக்கமாக அழுகை. ஏரிக்கரை சாமி ஒன்றுகூட இல்லை.

கீழ்பென்னாத்தூரை ஆங்கிலத்தில் எப்படி அடிப்பது? கில், கீல், கீழ். ஒரு 'ன்'னா, இரண்டா? 'த்' ஒன்றா, இரண்டா? ஒவ்வொரு ஸ்பெல்லிங்குக்கும் ஒவ்வொரு ஊர் வருகிறது. ஒன்றில் பஸ் டைம். ஒன்றில் பின்கோடு. ஒன்றில் யாரோ ஒருத்தருடைய பயோடேட்டா.

தலைவலி. தக்காளி, அரை கிலோ உளுந்து, பேன் சீப்பு வாங்கி வந்தேன்.

மார்ச் 4, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது.

தமிழிலேயே ஒரு குலதெய்வப் பக்கம் இருப்பதாக சென்டர்காரர் சொன்னார். திறந்தால் கட்டம் கட்டமாக வருகிறது. "ஃபாண்ட் இல்ல மேடம்." இறக்கினார். இப்போது கட்டத்துக்குப் பதில் புள்ளியும் கொக்கியும். "வேற ஃபாண்ட் போல மேடம்." ஆபீஸில் டைப்ரைட்டரில் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிக்கிறவள் நான். இங்கே 'ப' எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே.

ஆபீஸில் விஜயா நேற்றுச் சொன்னது: "பெரியவரு சாமின்னா பெரியாண்டவராத்தான் இருக்கும்டி. எங்க பக்கம் ஊருக்கு ஊரு இருக்காரு."

இருக்குமே! வந்ததும் அத்தையிடம் கேட்டேன். "பெரியாண்டவரா அத்தை?"

"ஆமா, பெரியவருதான்." கண் சீரியலில்.

அப்பாடா. பேராவது கிடைத்தது.

மார்ச் 19, ஞாயிறு

பேர் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. பெரியாண்டவர் ஒருத்தரா இருவரா? செஞ்சி பக்கம், திண்டிவனம் பக்கம், எங்கு பார்த்தாலும் அவர்தான். இதில் நம்மவர் யார்?

ஒரு சைட்டில் கெஸ்ட்புக். "எங்கள் குலதெய்வம் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவும்." மலேசியாவிலிருந்து கேட்கிறார்கள், மும்பையிலிருந்து, அமெரிக்காவிலிருந்து. எல்லாரும் கேட்கிறார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் இல்லை. ஒரு அம்மா, "மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது, யாராவது சொல்லுங்கள்" என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு எழுதியிருக்கிறார். இன்னும் அப்படியே நிற்கிறது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த மகளுக்கு என்ன ஆயிற்றோ.

நானும் எழுதினேன். அனுப்பும்போது கரண்ட் போயிற்று. வந்தது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி போயிற்று. மூன்றாம் தடவை, "கீழ்பென்னாத்தூர் பக்கம், பெரியாண்டவர், ஏரிக்கரை, தெரிந்தால் சொல்லவும்" என்பதோடு முடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பதில் வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர். செஞ்சி பக்கம் அவருடைய குலதெய்வம் பெரியாண்டவர். கோயிலுக்குப் பின்னால் ஏரி. 'உங்கள் பக்கத்து ஆட்களும் சிலர் வருவதாக என் தகப்பனார் சொல்வார், நீங்கள் நம் பங்காளியாகக்கூட இருக்கலாம்' என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். பிரிண்ட் எடுத்து வந்தேன். அத்தையிடம் படித்துக் காட்டினேன்.

"ஏரி இருக்குதா?"

"இருக்காம்."

"அப்பன்னா சரியாத்தான் இருக்கும்."

தேர்தல் வேலையில் ஆபீஸில் முதுகு ஒடிகிறது. இருந்தாலும் இன்று மனசு லேசு.

மே 21, ஞாயிறு

அனல். ஒரு வழியாக முடிந்தது.

அத்தை வரவில்லை. போன வாரம்தான் கண் ஆபரேஷன், தூசியில் போகக் கூடாதென்று டாக்டர். நாங்கள் மூவரும், அத்தையின் தங்கை வீட்டுக்காரரும் வேனில் போனோம். அங்கே சாமி மண்ணால் செய்த உருவம், தரையில் படுத்திருக்கிறார். பெரிய கண். நிதின் பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் அப்பா மடியிலேயே உட்கார்த்தி, கையைப் பிடித்து, ஒரே கத்தல். முடி விழ விழ எனக்குக் கண்ணில் தண்ணீர். இத்தனை மாசம் அந்தச் சிக்கோடு சண்டை போட்டேன். கடைசியில் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சந்தனம் பூசினதும் தலை சின்னதாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்து "யாரு?" என்றான்.

திரும்பி வரும்போது அவர் சொன்னார், "பாத்தியா, நெட்ல எல்லாம் இருக்குன்னு சொன்னேன்ல?" இருக்கட்டும். நல்ல நாள்.

ஜூன் 17, சனி

அவர் கத்தார் திரும்பி ஒரு வாரம். நிதின் எல்.கே.ஜி.யில் தினமும் அழுகை. ஷூ கடிக்கிறதாம்.

கேமராவில் இருந்த மொட்டைப் படங்களைப் பிரிண்ட் போட்டு வந்தேன். அத்தைக்குப் புதுக் கண்ணாடி. கிட்ட வைத்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார்.

"யாரு இது, மண்ணுல படுத்துனு?"

"சாமி, அத்தை. நம்ம குலதெய்வம்."

"நம்ம சாமி உக்காந்துனு இல்ல இருப்பாரு? பக்கத்துல அம்மா இருப்பாங்க, பச்சையா. வெளியில காவலுக்குப் பெரிய பெரிய முனிங்க. இது யாரு?"

"பெரியாண்டவர்."

"அவரு எதுக்கு? நான் பெரியவருன்னு இல்ல சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே அத்தை?"

"எப்படி ஒண்ணாவும்? எங்க மாமனாரு பேரு வெச்ச சாமி. அந்தப் பேர நான் எப்படி வாயால சொல்லுவேன்? அதான் பெரியவருன்னேன்."

அத்தையின் மாமனார், அதாவது இவருடைய தாத்தா, பேர் மன்னார்சாமி. அத்தை வாழ வந்த நாளிலிருந்து அவரைப் பெரியவரு என்றுதான் சொல்வது. அதனால் அந்தப் பேருள்ள சாமியும் பெரியவரு. தாத்தா பேர் எனக்கே தெரியும், பழைய ரேஷன் கார்டில் மாமனாரின் அப்பா பேராக நிற்கிறது. வீட்டுக்குள் இருந்த பேரை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

"நான் பெரியாண்டவரான்னு கேட்டப்போ ஆமான்னீங்களே?"

"நீ மரியாதைக்கு ஆண்டவர் சேத்துக்கினன்னு நெனச்சேன்."

"பச்சையம்மன் இருக்காங்கன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சாமி பேருதானே கேட்ட. அம்மா பேர எங்க கேட்ட?"

பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன். இரண்டு டம்ளர் நசுங்கியது.

ஜூன் 18, ஞாயிறு

மன்னார்சாமி என்று ஆங்கிலத்தில் அடித்தேன். முதல் பக்கத்திலேயே. போட்டோவோடு. கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஏரிக்கரை மேல். யாரோ காலேஜ் பையன் போட்டிருக்கிறான், பஸ் நம்பர்கூட எழுதியிருக்கிறான். நம் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கீபோர்டை ஓங்கிக் குத்தலாம் போலிருந்தது.

போனில் அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "அம்மா தாத்தாவ அப்படித்தான் சொல்லும், எனக்குத் தெரியுமே." தெரிந்தால் சொல்வதற்கென்ன? "நீ பெரியவரு சாமின்னு சொன்னியே, சாமி பேருன்னு நெனச்சேன்." வைத்துவிட்டேன்.

பிள்ளையின் முதல் முடி வேறொரு சாமிக்குப் போய்விட்டது. அந்தச் சாமி பாவம், ஒன்றும் கேட்கவில்லை. நம் சாமி என்ன நினைப்பாரோ. நம்பிக்கை இல்லாதவள் போல ஆபீஸில் பேசுவேன். ஆனாலும் அவனுக்குச் சளி பிடித்தால்கூட இனி அதுதான் ஞாபகம் வரும்.

கோபத்தில் இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். அவர், அவர், அவருடைய. ஒரு இடத்தில்கூடப் பேர் இல்லை. போனில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், இங்கே எழுத வரவில்லை. அத்தையை என்ன சொல்வது.

ஜூலை 9, ஞாயிறு

தூறல். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்னி ஜாஸ்தி காரம் என்கிறார், கம்மி பண்ணினால் சப்பென்று இருக்கிறதென்கிறார். படங்களைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

"என்னாலதான்."

"விடுங்க அத்தை. முடி மறுபடி வளரும், அங்கேயும் ஒரு தரம் எடுத்துடலாம்."

"அது மொத முடி ஆவுமா?"

நானும் சுள்ளென்று சொல்லிவிட்டேன், "அப்ப ஒரு வார்த்தை பேரச் சொல்லியிருக்கணும்." கேஸ் புக் பண்ண மறந்துபோயிற்று.

ஜூலை 24, திங்கள்

ஆடித் திங்கள். ஆபீஸுக்கு அரை நாள் லீவு. அத்தை, நான், நிதின். பஸ்ஸில் நிற்க இடமில்லை, பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். இத்தனை வருஷமாக இந்த பஸ் எங்கள் தெருமுனை வழியாகத்தான் போகிறது.

ஏரியில் தண்ணீர் இல்லை. முனிகள் பனை உயரம், மீசை, கத்தி. நிதின் இவர்களைப் பார்த்துப் பயப்படவில்லை, கையாட்டினான்.

பூசாரி, "யாரு வழிம்மா நீங்க?" என்றார். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், "மன்னார்சாமி."

"சாமி பேரு தெரியும்மா. ஆளு பேரு சொல்லு."

"ஆளு பேரும் அதான்."

அவர் சிரித்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். மாமனார் ஊரைச் சொன்னேன். "உங்க பங்காளிங்க காலையிலேயே வந்துட்டுப் போனாங்க," என்றார். அத்தை முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அர்ச்சனை முடிந்து தேங்காய் மூடியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அத்தை இல்லை. வேப்ப மரத்தடியில், மொட்டை அடிக்கிறவர் எதிரில் மணைமேல் உட்கார்ந்திருக்கிறார். கொண்டையை அவிழ்த்துவிட்டார்.

"அத்தை, இன்னாது இது?"

"பையன் முடி அங்க போயிடுச்சு. நான்தானே வாயத் தொறக்கல, என்னுது எடுத்துக்கட்டும்."

"கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"நீ கண்ண மூடிப் புடி."

இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டேன்.