மாப்பிள்ளையின் கதையில் என் மகள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதுவதுதான் முறை, அதனால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் குட்டியும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். போனில் நாம் "சாப்டீங்களா, சாப்டேன்" என்பதைத் தாண்டிப் போவதில்லை. குட்டியும் "ஹலோ பாட்டி" என்று ஒன்று போட்டுவிட்டு ஓடிவிடுகிறாள்.

எனக்கு மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறது, வேறொன்றும் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்து போய்விட்டார்கள். ஜன்னல் வழியாகப் பேச இருந்த ஒரு ஆளும் போயாயிற்று. வேலை விட்டு வந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கழுவிக் கவிழ்த்துவிட்டால் அதோடு சரி.

நீங்கள் அனுப்பிய பத்திரிகை வந்து இருபது நாள் ஆகிறது. கதை பிடித்திருக்கிறதா, புத்தகத்தில் முதல் கதையாகப் போடலாமா என்று துண்டுச் சீட்டில் கேட்டிருந்தீர்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும். பதில் தாமதமானதற்கு அது பாதிக் காரணம்தான்.

முதலில் கம்பெனிக்குத்தான் எடுத்துப் போனேன். எங்கள் வரிசையில் பட்டன் தைக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள், பட்டனக்கா என்றே எல்லாரும் கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் சத்தமாகப் படித்தாள். "டாக்டர் கதவைத் திறந்தார்" என்று எழுதிவிட்டு, நீங்கள் ஜன்னலில் உட்கார்ந்த புறாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பட்டனக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அட, உசுரை வாங்குறானே! டாக்டர் என்ன சொன்னாருன்னு சொல்லித் தொலையேன்யா, இப்ப புறாவா முக்கியம்?" என்று பத்திரிகையைத் திட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் கடைசிப் பக்கம் வந்தது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. விரட்ட வந்த சூப்பர்வைசரம்மாவும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நானும் அழுதேன். அழுது முடித்து மிஷினில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நான் யாருக்காக அழுதேன்? அந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நானே படித்தேன். மூன்று தடவை. நான் காலர் தைக்கிறவள், மாப்பிள்ளை. காலர் நிமிர்ந்து நிற்க உள்ளே ஒரு கெட்டித் துணி வைப்போம். போடுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது, தைக்கிறவளுக்குத் தெரியும். உங்கள் கதையிலும் மூன்றாவது தடவை படித்தபோது உள்ளே வைத்தது எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அவள் போய்விட்டாள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அவள் தலை வாரினாலும் எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. மனசு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டே வார்த்தை எழுதி வரியை முடித்துவிடுகிறீர்கள். மூச்சும் அங்கேயே நிற்கிறது. மழை வேறு. அன்றைக்கு ஏது மழை? மத்தியானம் மூன்று மணி, வெயில் கண் கூசி, நர்ஸ் திரையை இழுத்துவிட்டாள். மழை பெய்தால் படிக்கிறவர்களுக்குச் சீக்கிரம் கண் கலங்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மழை இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் ஏழு இடத்தில் அவள் "மெல்லப் புன்னகைத்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிவிட்டேன். என் மகள் என்றைக்கு மெல்லப் புன்னகைத்தாள்? அவள் சிரித்தால் எதிர் வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள். விக்கல் வரும்வரை சிரிப்பாள், பக்கத்தில் இருப்பவர் முதுகில் அடித்து அடித்துச் சிரிப்பாள். உங்கள் முதுகுக்கு அது தெரியும். கதையில் அவள் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவனோடுகூடச் சண்டை போட்டவள் அவள்.

ஒரு தடவை நீங்கள் இருவரும் இங்கே வந்திருந்தபோது புதிதாக எழுதியதை அவளிடம் கொடுத்தீர்கள். அவள் காய் நறுக்கிக்கொண்டே படித்தாள். "யோவ், இந்த அம்மா மூணு பக்கமா அழுவுறா, ஒரு தடவைகூட மூக்கு சிந்தலையே?" என்றாள். புருஷனை யோவ் என்கிறாளே என்று எனக்குப் பதறியது. நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனீர்கள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து அந்த மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டீர்கள். இந்தக் கதையைப் படிக்க அவள் இல்லை. அதனால்தான் நான் மூன்று தடவை படித்தேன்.

நான் இவ்வளவு சொல்வது குட்டிக்காக. இரண்டு வயதில் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும்? நாளைக்கு எழுத்து தெரிந்ததும் அப்பாவின் புத்தகத்தைத்தான் எடுப்பாள். அதில் இருப்பவளைத்தான் அம்மா என்று நம்புவாள். நீங்கள் அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள், பெற்ற எனக்கே நாலு நாளாக அந்தப் பெண்தான் கண்ணில் நிற்கிறாள். போனில் குட்டி சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "பொம்பளப் பிள்ளை இப்படியா சிரிக்கிறது" என்று உங்கள் அக்கா அதட்டுவதும் கேட்கிறது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு யார் சொல்வது? புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் என் மகளைக் கொஞ்சம் கத்தவிடுங்கள்.

இன்னொன்று இருக்கிறது. அவள் கடைசியாகப் பேசியது எனக்கு மட்டும்தான் தெரியும். நேரில் வந்தால் சொல்கிறேன் என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டியிலேயே வருவீர்கள் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷமாக வராதவரை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியே ஒரு கடிதம் எழுதி ஒட்டியும் வைத்தேன். காலையில் கிழித்துவிட்டேன். அடுத்து என்ன என்று ஏங்க வைப்பது கதையில் சரி. உங்களை அப்படி ஏங்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் டீ வாங்கப் போய் நேரமாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியும் அவள் இருந்த நான்காவது மாடியும் ஒன்று போலவே இருக்கும். அதற்கு முன்பே இரண்டு தடவை மாடி மாறி, யாரோ ஒரு நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர் நீங்கள். அவள் கண்ணைத் திறந்து, "இந்த மனுஷன் மறுபடியும் எவ பக்கத்துலயோ போய் உட்கார்ந்துட்டாரு. போய் இழுத்துட்டு வாம்மா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டு நான் எழுந்து போனேன்.

மூன்றாவது மாடி முழுக்கத் தேடினேன். கீழே கேன்டீன் வரைக்கும் போனேன். திரும்பி வந்தபோது நர்ஸ் கட்டிலருகே எதுவும் செய்யாமல் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் டீயோடு வந்து பார்த்தது அதைத்தான். "நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே அத்தை" என்று அழுதீர்கள். இல்லை என்று என் வாயில் வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

கதையில் நீங்கள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். உங்களை நீங்கள் தெரிந்துதான் அங்கே உட்கார வைத்தீர்கள். என்னை உட்கார வைத்தது நான் சொல்லாமல் விட்ட பொய். "பிள்ளை உன் கையிலயே போச்சே, அந்த மட்டும் நிம்மதி" என்று பட்டனக்கா என் கையைத் தடவிக் கொடுக்கிறாள். நான் கையை இழுத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விடுகிறேன்.

அதனால் ஏழு புன்னகையையும் எடுத்துவிடுங்கள். யோவ் என்பதைப் போடுங்கள். சண்டையைப் போடுங்கள். ஆனால் அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றாதீர்கள். உண்மை வேண்டும் என்று இவ்வளவு எழுதியவள் இதைக் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன். தினமும் சாயங்காலம் வந்து அந்த ஒரு பக்கத்தைத்தான் எடுத்துப் படிக்கிறேன். அங்கே அவள் தனியாக இல்லை.

இதைப் படித்ததும் என் மேல் கோபம் வரும். வரட்டும். ஆறட்டும் என்று பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள், கோபத்தோடேயே வாருங்கள். குட்டியையும் கூட்டி வாருங்கள். திட்ட வேண்டியதையெல்லாம் எதிரே உட்கார்ந்து திட்டுங்கள். இந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்திப் பேசி ரொம்ப நாளாகிவிட்டது.

நீங்களும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

உங்கள் அத்தை