கண் கிரீம் விளம்பரத்தில் என் முகம்

ஸ்கூடாய்

அன்புள்ள புஷ்பவள்ளி,

நலமா? அம்மாவுக்கு முட்டி வலி குறைந்ததா?

எங்கள் தொழிற்சாலையில் காஃபின் கலந்த கண் கிரீம் தயாராகிறது. காஃபின் வீக்கத்தைச் சில மணி நேரம்தான் குறைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். வேதியியல் படித்தவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

"அலமாக், அடடா, உங்க கண்ணுதான்ணே நல்லா வீங்கியிருக்கு. விளம்பரத்துக்குப் படம் எடுத்துக்கலாம் லா," என்றான் மேலாளர் ரேமண்ட். வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம், மறுக்க முடியவில்லை. நான்கு வாரம் பூசியும் வீக்கம் போகவில்லை. இப்போது விளம்பரத்தில் 'பூசும் முன்' நான், 'பூசிய பின்' ரேமண்டின் தம்பி.

நம் ஊர் சுங்கைப்பட்டாணியில் உள்ள கடைகளுக்கும் அந்த விளம்பரம் வரும். உன் அண்ணன் சிரிப்பார். நம் கல்யாணத்திலேயே என்னைப் பார்த்துச் சிரித்தவர்தானே. அது நான் இல்லை என்று சொல்லிவிடு.

இங்கே சரியாகத் தூக்கம் வருவதில்லை, என் பழைய தலையணையை அனுப்பு. வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

நம் ரூபினி அந்த விளம்பரப் படத்தைப் பார்த்து 'அப்பா' என்றால் மட்டும் மறுக்காதே.

திருச்செல்வம்