நிறுத்திய எந்திரம்

12 ஆகஸ்ட் 2006, சனி

இராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மார்பக எக்ஸ்ரே எந்திரத்தைக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆய்வுக்காக இன்று சோதித்தேன். ஒரு படத்துக்கு வெளியாகும் கதிர்வீச்சு, அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு இருந்தது. பழுது பார்க்கும்வரை யாருக்கும் படம் எடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டேன்.

வெளியே மாரியூர்ப் பெண் ஒருவர் காத்திருந்தார். மார்பில் கட்டி. மதுரைக்குப் போகச் சொன்னேன்.

"இங்கன வாரதுக்கே வீட்டுல பொய் சொல்லிட்டு வந்தேன்மா. மதுரைக்கு எங்கிட்டுப் போறது? கதிரு கூடுனா கூடட்டும், ஒரே ஒரு படம் புடிச்சுருங்க."

முடியாது என்றேன். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஊர் திரும்பும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனால் அந்த ஒரு படத்தால் அவருக்குப் பெரிய கேடு வந்திருக்காது. கட்டியைப் பார்க்காமல் விட்டால் அது உயிரையே வாங்கலாம். அவரிடம் முடியாது என்று சொன்னபோதே எனக்கு இது தெரியும்.