தும்மலும் கால அட்டவணையும்

செப்டம்பர் 8, 2025, திங்கள்

இன்று என் மேசையைப் புது அறைக்கு மாற்றினார்கள். புது அறை என்று பெயர்தான். இருபது வருட விடைத்தாள் கட்டுகளைக் கூரை வரை அடுக்கிவைத்த குடோன். கணக்கு வகுப்பு போக மீதி நேரம் இங்கே உட்கார்ந்துதான் பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைப் போட வேண்டுமாம். நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள், ஒரே ஒரு வேதியியல் ஆய்வகம். இருபத்திரண்டு வருடமாக ஒரு மோதல்கூட இல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன், பென்சிலும் ரப்பரும் வைத்து. குடோனில் உட்கார்ந்தால் மட்டும் வராதா என்ன?

தும்மல் பதினொன்று. மருந்துக்கடையில் ஒரு அட்டை சளி மாத்திரை வாங்கி சாக்பீஸ் டப்பாவில் போட்டுவைத்தேன்.

செப்டம்பர் 10, புதன்

தூசி. மாத்திரை 2. மூக்கு தும்மலை நிறுத்தி வாயை மூடிக்கொண்டது.

அக்டோபர் 27, திங்கள்

பத்தாம் வகுப்பில் தேற்றத்தின் பாதியில் நின்றுவிட்டேன். அடுத்த வரி வரவில்லை. முப்பது வருடமாகச் சொல்லித்தரும் தேற்றம்! கரும்பலகையை நான் பார்க்கிறேன், அது என்னைப் பார்க்கிறது. "யாரு வந்து முடிக்கிறீங்க?" என்று கேட்டுச் சமாளித்தேன். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி வந்து அழகாக முடித்தாள். சந்தோஷப்பட வேண்டிய நான், அவள் எழுதியதை வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

தூசி. மாத்திரை 3.

நவம்பர் 19, புதன்

மாலை பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். எந்த எண்ணில் ஏற வேண்டும் என்று தெரியவில்லை. நானா? தினமும் ஏறுகிற பஸ்?

அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அறுபது வயதில் வீட்டுச் சாவியைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டுத் தெருவெல்லாம் தேடினாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றாள். எனக்கு ஐம்பத்தேழு. எனக்கும் வந்துடுச்சா? இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல் இருக்கிறது.

மாத்திரை 3. தூக்கம் மட்டும் நன்றாக வருகிறது.

டிசம்பர் 29, திங்கள்

விடுமுறை, பத்தாவது நாள். தும்மலும் இல்லை, மாத்திரையும் இல்லை. மகளோடு சீட்டாடி ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தேன். அவள் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று கண்ணுக்குள் தெரிந்தது. "அம்மா, நீ ஏமாத்தற!" என்று கத்தினாள். சும்மாதான் பயந்தேனோ?

ஜனவரி 5, 2026, திங்கள்

மானம் போச்சு.

விடுமுறைக்கு முன்பு நான் போட்ட திருத்திய அட்டவணை இன்று அமலுக்கு வந்தது. மூன்றாம் பாடவேளையில் வேதியியல் ஆய்வக வாசலில் ஒன்பதாம் வகுப்பும் நிற்கிறது, பதினொன்றாம் வகுப்பும் நிற்கிறது. எண்பது பிள்ளைகள். அங்கே நிற்கிற வேதியியல் வாத்தியாருக்கு ஆசிரியர் அறையில் 'அமிலம்' என்று பெயர். "என்ன டீச்சர், இன்னிக்குப் பொருட்காட்சியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தலைமையாசிரியை தனியாகக் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார், அதுதான் தாங்கவில்லை. "அடுத்த வருஷ அட்டவணையை வேற யாருக்காவது கொடுத்துடலாமா டீச்சர்? நீங்க கொஞ்சம் ஓய்வா இருங்க."

குடோனில் போய் அழுதேன். அழுதாலும் தும்மல். மாத்திரை 4.

ஜனவரி 6, செவ்வாய்

இவரிடம் கொட்டிவிட்டேன். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யார் பதறினாலும் தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு சாவகாசமாக இருந்தே பழக்கம். "உங்க அம்மாவைக் கடைசி வரைக்கும் நாம டாக்டர்கிட்ட காட்டல. அந்தத் தப்பை இப்ப பண்ண வேணாம். சனிக்கிழமை போறோம்" என்றார்.

ஜனவரி 10, சனி

மூளை நரம்பு டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். ஐந்து சொற்களைச் சொன்னார், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார்.

படகு, —, —, மழை, —.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். பிரஷருக்கு ஒன்று, அவ்வளவுதான் என்றேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, "இது எப்ப ஆரம்பிச்சுது, எப்பெல்லாம் அதிகமாகுதுன்னு யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். யோசிப்பானேன், இந்த நோட்டு இருக்கிறதே.

ஜனவரி 11, ஞாயிறு

கண்டுபிடிச்சுட்டேன்!

இந்த நோட்டைச் செப்டம்பர் பக்கத்திலிருந்து படித்தேன். மேலோட்டமாகப் படித்தால் என் புலம்பல்தான் தெரிகிறது. சரி, தெரிந்த வேலையைச் செய்வோம் என்று பெரிய தாளை விரித்துக் கட்டம் போட்டேன். இடப்பக்கம் தேதி. மேலே தூசி, தும்மல், மாத்திரை, மறதி. மூன்று மணி நேரம் ஆனது, நாலு தடவை அழித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால், இரண்டு பேரை ஒரே பாடவேளையில் உட்கார வைத்திருக்கிறேன்: மாத்திரையும் மறதியும். அது ஏறினால் இதுவும் ஏறுகிறது. விடுமுறையில் இரண்டுமே காலி.

சளி மாத்திரையை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சாக்பீஸ் டப்பாவில் இருந்ததால் அதுவும் சாக்பீஸ் ஆகிவிட்டது எனக்கு!

ஜனவரி 17, சனி

டாக்டர் என் கட்டத்தை இரண்டு முறை பார்த்தார். சளி மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "இது பழைய வகை, தூக்கம் வரவைக்கிறது. ஞாபகத்துக்கு மூளையில வேலை செய்யற ஒரு ரசாயனத்தை இது தடுக்கும். வயசு ஏற ஏற ஜாஸ்தியாத் தெரியும். நீங்க மாசக்கணக்கா, தினம் மூணு." ரத்தத்தில் ஒரு குறையும் இல்லையாம்.

"அப்போ அம்மாவுக்கு வந்தது...?"

"வரவே வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா இப்ப பார்க்கிறது அது மாதிரித் தெரியல. இதை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம். பிரஷர் மாத்திரையை விடாதீங்க. நடங்க. காது, கண்ணு ரெண்டையும் சோதிச்சுக்குங்க. இதெல்லாம் முப்பது வயசுலயே ஆரம்பிக்க வேண்டியது, யாரு கேக்கறாங்க?"

வெளியே வந்ததும் இவர், "ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கிட்டே நாலு மாசம் வண்டி ஓட்டியிருக்க" என்றார். நடுத்தெருவில் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர.

ஜனவரி 29, வியாழன்

தும்மல் இருபத்தாறு. மாத்திரை 0. ஆசிரியர் அறையில் டாக்டர் கதையையும் மாத்திரைக் கதையையும் எல்லோருக்கும் சொன்னேன். பிறகு தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னேன்: கட்டுகள் வெளியே போகணும், இல்லையென்றால் நான் மரத்தடியில் மேசை போட்டுக்கொள்வேன். மாலைக்குள் கட்டுகள் போய்விட்டன. ஈரத்துணியால் துடைத்ததில் தரைக்கு நிறம் இருப்பது தெரிந்தது. தூக்கம் வரவைக்காத மருந்து ஒன்றை டாக்டர் சொல்லியிருக்கிறார், ரொம்ப முடியாவிட்டால் மட்டும்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தேற்றம் முழுவதும், மூச்சு விடாமல்.

ஏப்ரல் 11, சனி

புது ஐந்து சொற்கள். ஐந்தும் சொன்னேன், வரிசை மாறாமல்! டாக்டர் எழுந்து கை கொடுத்தார். இவர் மூலையில் உட்கார்ந்து கைதட்ட, வெளியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அந்தச் சொற்களை இப்போது எழுதிவைக்கப் போவதில்லை. பள்ளி திறக்கும் நாளில் எழுதுகிறேன், பார்ப்போம்.

நேராகத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போய் அட்டவணையைத் திருப்பிக் கேட்டேன். தயங்கினார். "ஒரு மோதல் வந்தாலும் நானே விலகிக்கிறேன்" என்றேன். திமிர்தான். இருக்கட்டும்.

மே 14, வியாழன்

ஆய்வகம் முதலில், அப்புறம் மைதானம், அப்புறம் கணக்கு, இடுக்கில் ஓவியம். பெட்டி அடுக்குகிற மாதிரி. மூன்று நாளில் முடிந்தது. இந்த வருடம் நாற்பத்து நான்கு ஆசிரியர்கள்.

ஜூன் 1, திங்கள்

முதல் மணி அடித்ததும் தாழ்வாரத்தில் கடைசி வரை நடந்தேன். முப்பது அறை, முப்பது ஆசிரியர். மூன்றாம் பாடவேளையில் ஆய்வக வாசலுக்குப் போனேன். ஒரே ஒரு வகுப்பு, ஒற்றை வரிசை. அமிலம் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "பொருட்காட்சி ரத்து டீச்சர். எங்க அம்மாவுக்கும் மறதின்னு வீட்டுல சொல்றாங்க, மாத்திரைப் பையோட அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?" முகவரியை அங்கேயே சொன்னேன், போன் நம்பரோடு, எதையும் பார்க்காமல்.

தும்மல் 9. மாத்திரை 0.

யானை, சீப்பு, மஞ்சள், ஏணி, கடிதம்.